ஒரே பச்சைக்குள்ள எத்தனை கூட்டம்: வடக்கு மலைகளோட புல்வெளியும் சதுப்பும்

நார்வேல ரோரோஸ்னு ஒரு பழைய செம்புச் சுரங்க ஊரு இருக்கு. அதுக்குப் பக்கத்துல சோலெண்டென்னு ஒரு மலைச்சரிவு, கடல் மட்டத்துல இருந்து 700, 800 மீட்டர் உயரம் இருக்கும். ஜூலை மாசத்துல தூரமா நின்னு பாத்தா ஒரே பச்சை, புல்வெளின்னு சொல்லிட்டுப் போயிடுவோம். உள்ள நடந்தா தான் விஷயம் தெரியும், ஒரு இடத்துல தரை கெட்டியா இருக்கும், நாலடி தள்ளி கால வச்சா கணுக்கால் வரைக்கும் உள்ள போகும், சரிவுல தண்ணி நிக்காதுன்னு தான நமக்குப் பழக்கம், இங்க சரிவே சதுப்பா இருக்கு. அங்க வேலை பாக்குற தாவரவியல்காரங்க குனிஞ்சு ரெண்டு பாசியைக் கிள்ளிப் பாத்துட்டு, இது சுண்ணாம்புத் தண்ணி சதுப்பு, அங்க உயரமா நிக்கிறது வேற கூட்டம், மேல இருக்குற மேடு வேறன்னு பிரிச்சு சொல்லிடுவாங்க. எதைப் பாத்து சொல்றாங்க, அந்தப் பேரெல்லாம் எங்க இருந்து வருதுங்கிறதை தான் முடிஞ்ச வரைக்கும் எளிமையா எழுதுறேன்.

முதல்ல செடிக் கூட்டம்னா என்னன்னு பாத்துடலாம். ஒரு மலைல இருக்குற செடிகள் எல்லாம் எங்க வேணும்னாலும் கலந்து முளைக்கிறது இல்ல. சில செடிகள் திரும்பத் திரும்ப ஒன்னாவே வரும், இதைப் பாத்த இடத்துல அதையும் பாக்கலாம், இது இருக்குற இடத்துல இன்னொன்னு இருக்கவே இருக்காது. இப்படி சேந்து வர்ற செட்டுக்குத் தான் செடிக் கூட்டம்னு பேரு. அந்த செட்டுகளைப் பிரிச்சு, பேரு வச்சு, ஒன்னுக்குள்ள ஒன்னா அடுக்கி வைக்கிறது ஒரு தனிப் படிப்பாவே நூறு வருஷத்துக்கும் மேல நடந்துட்டு இருக்கு.

இங்கயே ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கணும். ஒரு செடி இனத்துக்கு அப்பன் பாட்டன் உண்டு, வம்சம் உண்டு, அதனால எந்த செடி எந்தக் குடும்பம்ங்கிற கேள்விக்கு இயற்கைலயே ஒரு பதில் இருக்கு, நாம தேடிக் கண்டுபிடிக்கணும் அவ்வளவு தான். செடிக் கூட்டத்துக்கு வம்சமே கிடையாது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குள்ள மெல்ல மெல்ல கரைஞ்சு போகும், நடுவுல யாரும் கோடு போட்டு வைக்கல. கோடு போடுறது மனுஷன். அப்ப கோட்டை எங்க போடுறது, எதை வச்சு போடுறதுங்கிறது ஒரு முடிவு, அந்த முடிவை இன்னொருத்தர் வந்து சோதிச்சுப் பாக்குற மாதிரி எடுக்கணும். இந்தப் படிப்போட கஷ்டமும் அழகும் எனக்கு இங்க தான் தெரியுது.

இப்ப சதுப்புக்கு வருவோம், இதுல தான் விஷயம் ஜாஸ்தி. தமிழ்ல சதுப்புன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறோம், வடக்க அப்படி இல்ல. அங்க சதுப்புன்னா அடில பீட் சேரணும். மாடித் தோட்டத்துக்கு கோகோபீட் வாங்குவோம் இல்லயா, அது தேங்காய் நார்த்தூள், அந்தப் பேருல இருக்குற பீட் தான் இது. செத்த செடி தண்ணிக்குள்ள காத்து படாம கிடக்குறதால மக்காம, பாதி மக்கினதும் மக்காததுமா அடுக்கடுக்கா சேரும், அது தான் பீட். ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேந்தாலே பெருசு, ரெண்டு மீட்டர் பீட் மேல நிக்கிறோம்னா கீழ ஆயிரக்கணக்கான வருஷம் கிடக்குதுன்னு அர்த்தம்.

இந்தப் பீட் சதுப்பைப் பிரிக்க முதல் கேள்வி ஒன்னே ஒன்னு தான்: தண்ணி எங்க இருந்து வருது? பீட் மேல மேல சேந்து சேந்து, ஒரு கட்டத்துல சதுப்போட மேல்பரப்பு சுத்தி இருக்குற நிலத்தை விட உயரமாவோ இல்ல அதுல இருந்து துண்டிச்ச மாதிரியோ ஆயிடும். அப்புறம் நிலத்துல ஓடி வர்ற தண்ணி மேல இருக்குற செடிக்கு எட்டாது, மழையும் பனியும் மட்டும் தான் கிடைக்கும். அதுக்கு பாக்னு பேரு. மண்ணையும் பாறையையும் தொட்டுட்டு வர்ற தண்ணி கிடைச்சா அது ஃபென். மழைத் தண்ணில உப்பு, சுண்ணாம்பு எதுவும் பெருசா இருக்காது, அதனால பாக்ல இருக்குற செடிகள் கிட்டத்தட்ட பட்டினில வாழ பழகினவை.

பாக்கோட ராணி ஸ்பாக்னம்ங்கிற பாசி. ஆர்கிட் வளக்கிறவங்க நர்சரில மாஸ்னு வாங்கி தொட்டில போடுறது இதே பாசியைத் தான். காஞ்ச எடையைப் போல பல மடங்கு தண்ணியை இழுத்து வச்சுக்கும், அதை விட முக்கியம் என்னன்னா தன்னைச் சுத்தி இருக்குற கொஞ்சநஞ்ச கால்சியத்தையும் பிடிச்சுக்கிட்டு பதிலுக்கு அமிலத்தை வெளிய விடும், அதனால பாக் தண்ணியோட பி.ஹெச் 4 பக்கத்துல போய் நிக்கும். அந்தப் புளிப்புல மத்த செடிகள் பலதுக்கு வேர் விட முடியாது, ஸ்பாக்னத்துக்கு அது தான் சௌகரியம். அதாவது அது தன் வீட்டைத் தானே கட்டிக்குது.

அப்ப பாக்கை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? பாக்ல மட்டும் வளரும், வேற எங்கயும் வளராதுங்கிற செடி ஒன்னைச் சொல்லுங்கன்னு கேட்டா பதில் கிடைக்காது. கிளவுட்பெர்ரிங்கிற சின்னப் பழச்செடி பாக்ல இருக்கு, ஆனா ஏழை ஃபென்லயும் இருக்கு, அதாவது தண்ணில சுண்ணாம்பு கம்மியான ஃபென், அதைக் கீழ சொல்றேன். வெள்ளைப் பஞ்சு ஒத்தையா நிக்கிற காட்டன்கிராஸ், பூச்சி பிடிக்கிற ட்ரோசெரா எல்லாமே அப்படித் தான், ரெண்டு பக்கமும் இருக்கும். பாக்கை அடையாளம் காட்டுறது அங்க இல்லாத செடிகள். மண்தண்ணி கொஞ்சமாவது இருந்தா தான் வாழ்வேன்னு சொல்ற செடிகள் ஒரு பட்டியல் இருக்கு, மெல்லிசு இலை கேரெக்ஸ் லாசியோகார்ப்பாங்கிற கோரை, மூணு இலையா விரியுற மெனியாந்தெஸ், இந்த மாதிரி. ஒரு சதுப்புல நடந்து போயிட்டே இருக்கும்போது இந்தப் பட்டியல்ல இருக்குற எல்லா செடியும் ஒன்னு விடாம நின்னு போச்சுன்னா, நாம மழைத்தண்ணி எல்லைக்குள்ள வந்துட்டோம். ஸ்வீடன்ல உப்சாலாவுல இருந்த ஐனார் டு ரீட்ஸ்ங்கிறவர் 1954ல இந்த எல்லையை, மண்தண்ணி காட்டுற செடிகளோட எல்லைன்னு தெளிவா எழுதி வச்சார். ஒரு இடத்துல என்ன இருக்குன்னு பாக்குறதை விட என்ன இல்லன்னு பாக்குறது கஷ்டம், ஏன்னா இல்லன்னு சொல்லணும்னா முழுசா தேடியிருக்கணும், அந்த செடியோட இலை மட்டும் பாசிக்குள்ள இருந்து ஒத்தையா நீட்டிட்டு இருந்தாலும் கண்ணு கண்டுபிடிக்கணும்.

இந்தப் பட்டியல் எல்லா ஊருக்கும் ஒன்னு கிடையாதுங்கிறதையும் சொல்லிடணும். நார்வே மேற்குக் கரைல கடல் காத்து அடிச்சு மழைலயே உப்பு கலந்து வரும், அதனால கிழக்க ஸ்வீடன்ல மண்தண்ணி அடையாளமா இருக்குற நார்தீசியம்ங்கிற மஞ்சப்பூ செடி, மேற்க மழைத்தண்ணி பாக்லயும் ஜம்முனு வளரும். ஒரு ஊர்ல கத்துக்கிட்ட பட்டியலை அப்படியே இன்னொரு ஊருக்கு எடுத்துட்டுப் போனா தப்பாயிடும், இதை நிறைய பேரு கவனிக்கிறது இல்ல.

ஃபென்னுக்குள்ள அடுத்த பிரிவு ஏழை, பணக்காரன்னு போகும். இந்த வார்த்தைகள் ஆரம்பத்துல எல்லாரையும் குழப்பும். பணக்கார ஃபென்னா உரச்சத்து நிறைய இருக்குன்னு நினைச்சுடக் கூடாது. தண்ணில சுண்ணாம்பு நிறைய, பி.ஹெச் 6, 7க்கு மேல, அதோட செடி வகைகள் நிறைய, அந்த அர்த்தத்துல தான் பணக்காரன். பாஸ்பரஸ் மாதிரி சத்து அங்கயும் பஞ்சம் தான், இருக்குறதையும் சுண்ணாம்பு கட்டிப் போட்டுடும். சத்து பஞ்சமா இருக்குறதால எந்த ஒரு செடியும் கொழுத்து உயரமா வளந்து மத்ததை அமுக்க முடியறது இல்ல, அதனால தான் அவ்வளவு வகையும் பக்கத்துப் பக்கத்துல நிக்க முடியுது. ஏழை ஃபென்ல தரை முழுக்க ஸ்பாக்னம். பணக்கார ஃபென்ல ஸ்பாக்னம் பெரும்பாலும் ஒதுங்கிடும், அந்த இடத்துல பழுப்புப் பாசிகள் வரும், ஸ்கார்பிடியம், காம்பிலியம்னு பேரு, சிலது ஈரமா பளபளன்னு செம்பழுப்பா புழு மாதிரி சுருண்டு கிடக்கும். அதனால தான் அந்தத் தாவரவியல்காரங்க முதல்ல பாசியைக் கிள்ளிப் பாக்குறாங்க. கோரை வேர் ஆழமா போகும், எங்கயோ கீழ இருக்குற தண்ணியை வச்சு சொல்லும், பாசிக்கு வேரே கிடையாது, அதனால அது நிக்கிற இடத்து மேல்தண்ணியைப் பத்தி மட்டும் சொல்லும்.

இந்த ஏழை பணக்கார வரிசையோட இன்னும் ரெண்டு வரிசையைச் சேத்து மூணா கட்டமைச்சவர் ஹியூகோ ஷோர்ஸ், அவரும் ஸ்வீடன்காரர், 1948ல அவரோட பெரிய ஆய்வு வந்துச்சு. ரெண்டாவது வரிசை மேடும் பள்ளமும். சதுப்புல முழங்கால் உயரத்துக்குப் பாசி மேடு இருக்கும், அதுல பழுப்பு நிற ஸ்பாக்னம் ஃபஸ்கம், மேல குட்டை பிர்ச் புதர், கிளவுட்பெர்ரி. ஒரு அடி தள்ளி பள்ளத்துல தண்ணி நிக்கும், அங்க வேற ஸ்பாக்னம், வேற கோரை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் அரை மீட்டர் கூட இருக்காது, ஆனா செடிகளைப் பொறுத்தவரைக்கும் அது வேற வேற ஊரு. மூணாவது வரிசை, சதுப்போட நடுவா ஓரமான்னு, ஓரத்துல மரமும் புதரும் நெருங்கி வரும், நடுவுல திறந்த வெளி. எந்த ஒரு சதுப்புத் துண்டையும் இந்த மூணு வரிசைல எங்க நிக்குதுன்னு சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

பின்லாந்துல இதுக்கு இன்னும் பழைய ஒரு வழி உண்டு. அங்க ஜனங்களே சதுப்பைப் பல வார்த்தைல பிரிச்சு வச்சிருந்தாங்க, ஸ்ப்ரூஸ் மரம் நிக்கிற சதுப்பு கோர்ப்பி, பைன் நிக்கிறது ரமே, மரமில்லாத வெட்டவெளி நெவா, சுண்ணாம்புத் தண்ணி சதுப்பு லெட்டோ. கயாண்டர்ங்கிறவர் 1913ல பின்லாந்து சதுப்புகளை வகைப்படுத்தி எழுதினப்போ இந்த மக்கள் வார்த்தைகளையே அஸ்திவாரமா வச்சுக்கிட்டார், இன்னிக்கும் அங்க ஃபாரஸ்ட்காரங்க அதே வார்த்தைல தான் பேசுறாங்க. அந்த கயாண்டர் பின்னாடி பின்லாந்துக்குப் பிரதமராவும் ஆனார்.

புல்வெளிக்கு வந்தா தண்ணி இருந்த இடத்துல பனி வந்து உக்காந்துக்கும். வடக்கு மலைல பனி சமமா விழுந்தாலும் சமமா தங்குறது இல்ல. முகட்டுல காத்து அடிச்சு பனியைத் துடைச்சுடும், அங்க குளிருக்கு மறைப்பே இல்லாம லைக்கன்களும் தரையோட ஒட்டின புதரும் தான் தாங்கும். லைக்கன் தெரியலன்னா, பிரியாணில போடுற கல்பாசி இருக்கு பாருங்க, அது ஒரு லைக்கன் தான். முகட்டுக்குக் கீழ காத்து மறைவான சரிவுல பனி கம்பளி மாதிரி மூடி இருந்துட்டு வசந்தத்துல நேரத்தோட கரைஞ்சுடும், செடிகளுக்கு இது தான் வசதியான இடம். இன்னும் கீழ குழிவான இடத்துல பனி குவிஞ்சு கிடந்து ஜூலை கடைசில தான் கரையும், வளர்றதுக்குக் கிடைக்கிறதே சில வாரம் தான், அங்க ஸாலிக்ஸ் ஹெர்பேசியான்னு ஒரு வில்லோ இருக்கு, மரக் குடும்பம் தான், உயரம் சில சென்டிமீட்டர். முகடு, மறைசரிவு, பனிக்குழி, இந்த மூணுக்கும் நடுவுல சில சமயம் பத்து மீட்டர் கூட நடக்க வேண்டாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது உயர்பூண்டுப் புல்வெளி. மலையோட பிர்ச் காட்டை ஒட்டின சரிவுல, பனி நல்லா மூடி, மேல இருந்து தண்ணி கசிஞ்சு ஓடிட்டே சத்தைக் கொண்டு வந்து போடுற இடத்துல இது வரும். ஆளு இடுப்பு, மார்பு உயரத்துக்கு நிக்கும், நீலப்பூ லாக்டூக்கா அல்பைனா, விஷமுள்ள அகோனிட்டம், ஊதா ஜெரேனியம், மஞ்சப் பந்து மாதிரி ட்ரோலியஸ். வருஷத்துல பாதிக்கு மேல வெள்ளையா கிடக்குற மலைல ரெண்டே மாசத்துல இவ்வளவு உயரம் எழும்புதுன்னா, அங்க தண்ணியும் சத்தும் நிக்காம ஓடிட்டு இருக்குன்னு அந்த உயரமே சொல்லுது. இந்தக் கூட்டத்தோட ஐரோப்பியப் பேரு முல்ஜீடியோ அகோனிட்டெட்டியா. முல்ஜீடியம்ங்கிறது அந்த நீலப்பூ செடியோட பழைய பேரு, அந்த செடிக்கு அப்புறம் ரெண்டு தடவ பேரு மாத்திட்டாங்க, கூட்டத்தோட பேருல மட்டும் பழைய பேரு அப்படியே இருக்கு.

சரி, பேரு எப்படி வருதுன்னு பாப்போம். இதுக்கு முறை வகுத்துக் குடுத்தவர் யோசியாஸ் ப்ரவுன் ப்ளாங்கே, 1884ல ஸ்விட்சர்லாந்துல பிறந்தவர், பிரான்ஸ்ல மோன்பெலியேல உக்காந்து வேலை பாத்தவர், 1928ல அவரோட பெரிய புத்தகம் வந்துச்சு. முறை கேக்க எளிமை தான். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியுற ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கணும், அதுக்குத் தான் பிளாட்னு பேரு, புல்வெளின்னா பெரும்பாலும் 4 மீட்டருக்கு 4 மீட்டர், சதுப்பு மேடு பள்ளம்னா ஒரு மீட்டர் கூட போதும், ஏன்னா பெருசா எடுத்தா மேடும் பள்ளமும் ஒரே பிளாட்ல கலந்துடும். அதுக்குள்ள இருக்குற எல்லா செடியையும், பாசி லைக்கன் உட்பட, எழுதணும். ஒவ்வொன்னும் தரைல எவ்வளவு பரப்பை மூடுதுன்னு ஒரு மார்க் போடணும்: 5 சதவீதத்துக்குக் கீழன்னா 1, ரொம்ப கொஞ்சம்னா பிளஸ் குறி, 5ல இருந்து 25 வரைக்கும் 2, 50 வரைக்கும் 3, 75 வரைக்கும் 4, அதுக்கு மேல 5. கூடவே சரிவு, திசை, உயரம், பீட் ஆழம், தண்ணியோட பி.ஹெச். இப்படி ஒரு பிளாட் முடிக்க, பாசி நிறைய இருந்தா, அரை நாள் கூட ஓடிடும்.

அப்புறம் தான் டேபிள். பிளாட் எல்லாம் மேலிருந்து கீழ போற பத்தி, செடி எல்லாம் குறுக்க போற வரிசை. உதாரணத்துக்கு ஒரு மலைல 30 பிளாட் எழுதிட்டு வந்துட்டீங்கன்னு வச்சுக்கலாம், முதல்ல டேபிள் கண்டபடி இருக்கும், ஒன்னும் புரியாது. எல்லா பிளாட்லயும் இருக்குற செடி எதையும் பிரிச்சுக் காட்டாது, ஒரே ஒரு பிளாட்ல இருக்குறதும் உதவாது. நடுவுல, பத்து பிளாட்ல சேந்து வந்துட்டு மிச்ச இருபதுல வராத செடிகள் நாலஞ்சு இருக்கும் பாருங்க, அந்த வரிசைகளை மேல தூக்கி, அந்தப் பத்து பத்தியைப் பக்கத்துப் பக்கத்துல நகத்தி வச்சா டேபிள்ல ஒரு கட்டம் திடீர்னு தெரியும். மிச்ச இருபதுல இன்னொரு கட்டம். அந்தக் கட்டம் தான் கூட்டம், அதுல பிரிச்சுக் காட்டின செடிகள் தான் அடையாளச் செடிகள். முன்னாடி பேப்பரைக் கத்தரிச்சு நகத்தி நகத்தி செஞ்சாங்க, 1979ல ட்வின்ஸ்பான்னு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்த பிறகு மெஷின் நகத்துது, ஆனா கட்டம் அர்த்தமுள்ளதா இல்லயான்னு சொல்றதுக்கு அந்தச் சதுப்புல நின்ன ஆளு தான் வேணும்.

பேரோட வால்ல தான் அடுக்கு இருக்கு. பனிக்குழில பாத்த குட்டி வில்லோ ஸாலிக்ஸ் ஹெர்பேசியாவையே எடுத்துக்கலாம். அடிமட்டக் கூட்டம் ஸாலிசேட்டம் ஹெர்பேசியே, ஏட்டம்னு முடியும், இது தான் அசோசியேஷன். அது மாதிரி சிலது சேந்தா ஸாலிசியான், இயான்னு முடியும், அலையன்ஸ். அதுக்கு மேல ஸாலிசெட்டாலியா, ஆர்டர். எல்லாத்துக்கும் மேல ஸாலிசெட்டியா, கிளாஸ். செடி பேரு ஒன்னு தான், வாலை மட்டும் பாத்தா எந்த மாடில நிக்கிறோம்னு தெரிஞ்சிடும். பேரு வைக்கிறதுக்குன்னே சர்வதேச சட்டத் தொகுப்பு இருக்கு, முதல் பதிப்பு 1976, நாலாவது 2021. ஐரோப்பா முழுக்க இருக்குற கூட்டங்களை ஒரே பட்டியல்ல போட்டு 2016ல வெளியிட்டாங்க, பூக்குற செடி, பெரணி மாதிரி வேருள்ள செடிகளோட கூட்டம் மட்டும் 109 கிளாஸ், 300 ஆர்டர், 1108 அலையன்ஸ். பாக் எல்லாம் ஆக்சிகாக்கோ ஸ்பாக்னெட்டியாங்கிற கிளாஸ்ல வரும், ஃபென் எல்லாம் ஷாய்க்செரியோ கேரிசெட்டியாங்கிற கிளாஸ்ல.

இந்த முறை ஆல்ப்ஸ்லயும் மத்தியதரைக்கடல் பக்கமும் அழகா வேலை செஞ்சுது. வடக்க வந்தப்போ தான் தகராறு. காரணம் என்னன்னா வடக்கு மலைல செடி வகைகளே கம்மி, பனியுகத்துப் பனிப்பாறை எல்லாத்தையும் வழிச்சுட்டுப் போன நிலம் அது. இருக்குற கொஞ்ச வகையும் எங்க பாத்தாலும் பரவி நிக்கும், முகட்டுல இருக்குறது சதுப்பு மேட்டுலயும் இருக்கும். ஒரு கூட்டத்துக்கு மட்டும் விசுவாசமான அடையாளச் செடி கொண்டு வான்னு கேட்டா எங்க போறது? அதனால உப்சாலாகாரங்க, டு ரீட்ஸ் தலைமைல, வேற வழி போனாங்க. விசுவாசத்தை விட்டுட்டு ஆதிக்கத்தைப் பாத்தாங்க, புதர் அடுக்குல எது ஜாஸ்தி, புல் அடுக்குல எது ஜாஸ்தி, பாசி அடுக்குல எது ஜாஸ்தி, அந்த மூணையும் சேத்து ஒரு பேரு. சின்னச் சின்ன பிளாட்டா நிறைய போட்டாங்க. அதுல கூட்டம் ரொம்பக் குட்டி குட்டியா, நூத்துக்கணக்குல வந்துச்சு, பாசி ஒன்னு மாறினா கூட்டமே மாறிடும்.

1935ல ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுல ஒரு சமாதானம் ஆச்சு, ஆதிக்கத்தை வச்சுப் பிரிச்சா அதுக்கு சோசியேஷன்னு பேரு, அடையாளச் செடியை வச்சுப் பிரிச்சா அசோசியேஷன். நார்வேகாரர் ரோல்ஃப் நோர்ட்ஹாகன் தான் ரெண்டையும் இணைச்சுக் காட்டினவர்னு நான் நினைக்கிறேன். அவரும் வடக்கு முறைல ஆரம்பிச்சவர் தான், ஆனா 1936லயும், 1943ல சிக்கில்ஸ்டாலன்ங்கிற மலைப் பள்ளத்தாக்கைப் பத்தி எழுதினப்பவும், குட்டிக் கூட்டங்களைத் தொகுத்து அலையன்ஸா கட்டினார். வடக்க அடிமட்டத்துல அடையாளச் செடி கிடைக்கலன்னாலும் ஒரு மாடி மேல ஏறினா கிடைக்குதுங்கிறது அவரோட வேலைல தெளிவா தெரிஞ்சுது. அவர் வச்ச அலையன்ஸ் பேருகள் பல இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. பாக்குக்கு சொந்தமா செடி இல்லன்னு மேல சொன்னேன்ல, அந்தச் சிக்கலும் இந்தத் தகராறும் ஒரே வேர்ல இருந்து வந்தது தான். நார்வே இப்ப இன்னொரு பக்கம் போயிருக்கு, அவங்க தேசிய முறைல கூட்டத்துக்கு லத்தீன் பேரு வைக்காம, சுண்ணாம்பு எத்தனாவது படி, ஈரம் எத்தனாவது படின்னு வரிசைகளை வச்சே நிலத்தைக் குறிக்கிறாங்க, ஷோர்ஸோட யோசனை அதுல நல்லாவே தெரியும்.

இதெல்லாம் படிப்பாளிங்க விவகாரம்னு விட்டுட முடியாது, ஏன்னா சட்டம் இந்தப் பேரை வச்சு தான் ஓடுது. ஐரோப்பிய யூனியனோட 1992 வாழிடச் சட்டத்துல ஒவ்வொரு வகைக்கும் ஒரு நம்பர் உண்டு. சுண்ணாம்பு ஃபென் 7230, ஆப்பாங்கிற பெரிய வடக்கு ஃபென் சதுப்பு 7310, பால்சாங்கிற ஐஸ் மேட்டுச் சதுப்பு 7320, மலை வைக்கோல் புல்வெளி 6520. 7240ன்னு ஒன்னு, மலை உச்சில சுண்ணாம்புத் தண்ணி ஓடுற ஓரத்துல வர்ற குட்டிக் கோரைக் கூட்டம், அதோட சட்டப் பேருலயே அலையன்ஸ் பேரு அப்படியே இருக்கு. ஸ்வீடன், பின்லாந்துல ஒரு சரிவுக்கு பாதுகாப்பு கிடைக்குமா கிடைக்காதாங்கிறது, அங்க எழுதின டேபிள் எந்தக் கட்டத்துல விழுதுங்கிறதை வச்சு முடிவாகலாம்.

சோலெண்டெக்குத் திரும்புவோம். அந்தச் சரிவு ஏன் புல்வெளி மாதிரி தெரியுதுன்னா, பல தலைமுறையா ஜனங்க அந்தச் சதுப்பைத் தான் அரிவாளால அறுத்து மாட்டுக்கு வைக்கோல் எடுத்தாங்க. நம்ம கையரிவாள் இல்ல, நீளக் கைப்பிடி வச்சு நின்னுக்கிட்டே வீசுறது. சத்து கம்மியான இடம்ங்கிறதால வருஷா வருஷம் அறுக்க முடியாது, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அறுத்தாங்க. அறுத்த வைக்கோலைக் கொட்டகைல அடைச்சு வச்சு, பனி உறைஞ்ச பிறகு குதிரை பூட்டின சறுக்கு வண்டில வீட்டுக்குக் கொண்டு போனாங்க. 1950 வாக்குல இந்தப் பழக்கம் நின்னு போச்சு. நின்னதும் பிர்ச்சும் வில்லோவும் உள்ள வர ஆரம்பிச்சுது, காஞ்ச சருகு மேல மேல படிஞ்சு குட்டிச் செடிகளை மூடிடுச்சு. 1974ல அதை இயற்கைக் காப்பகமா அறிவிச்சு, புதரை வெட்டி, திரும்ப அறுக்க ஆரம்பிச்சாங்க, ட்ரோன்ட்ஹெய்ம் பல்கலைக்கழக மியூசியத்துக்காரங்க அன்னிலேர்ந்து நிரந்தர பிளாட் போட்டு எண்ணிட்டே வர்றாங்க. கருப்பு நிற வெனிலா ஆர்கிட் உட்பட அபூர்வமான ஆர்கிட்கள் அங்க இருக்கு. அதே தண்ணி, அதே சுண்ணாம்பு, அதே பனி, அறுக்கிறதும் அறுக்காததும் மட்டும் தான் மாறுது, அதுக்கே டேபிள்ல செடிகள் இடம் மாறுது. வகைப்படுத்துறப்போ மனுஷக் கையையும் ஒரு வரிசையா வைக்கணும்ங்கிறதுக்கு இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இன்னும் வடக்க, ஸ்வீடன்ல அபிஸ்கோ பக்கத்துல ஸ்டூர்டாலன்னு ஒரு சதுப்பு. அங்க மேடுகளுக்குள்ள வருஷம் முழுக்க பனிக்கட்டி உறைஞ்சு கிடக்கும், அந்த மேட்டுக்குத் தான் பால்சான்னு பேரு. உள்ள இருக்குற ஐஸ் தூக்கிப் பிடிக்கிறதால மேல்பகுதி தண்ணிக்கு எட்டாம காஞ்சு இருக்கும், அதனால லைக்கன், கிளவுட்பெர்ரி, குட்டை பிர்ச். சூடு ஏற ஏற ஐஸ் உருகி மேடு அமுங்குது, அமுங்கினதும் தண்ணி மேல வருது, முதல்ல ஸ்பாக்னம், அப்புறம் நேரா காட்டன்கிராஸ் நிக்கிற ஃபென். பாக்ல இருந்து ஃபென்னுக்கு, அதாவது வழக்கமான வரிசைக்குத் தலைகீழா போகுது. பீட் மக்குறப்போ வெளிய வர்ற மீத்தேனும் ஜாஸ்தியாகுது. செடிக் கூட்டத்தோட வரைபடம் கைல இருந்தா மீத்தேன் எங்க கூடுதுன்னு ஓரளவு கணிக்கலாம்ங்கிறதால, பாசி எண்ணுற வேலை இப்ப பருவநிலை ஆய்வுக்குள்ளயும் போயிடுச்சு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு காட்டன்கிராஸ்ல இருந்து தொடங்குறது நல்லது, தூரத்துல இருந்தே வெள்ளையா தெரியும். தண்டுக்கு ஒரே ஒரு பஞ்சு உருண்டை, அடில கொத்தா இருந்தா எரியோஃபோரம் வஜினேட்டம், அதை மட்டும் பாத்து பாக்னு முடிவு பண்ணிடக் கூடாது, ஏழை ஃபென்லயும் அது நிக்கும், சுத்தி மண்தண்ணி செடி இருக்கான்னு தேடணும். ஒரு தண்டுல பல பஞ்சு தொங்கினா ரெண்டு வகை இருக்கு. இலை மெல்லிசா வாய்க்கால் மாதிரி மடிஞ்சிருந்தா ஆங்குஸ்டிஃபோலியம், அது ஏழை ஃபென்ல இருந்து பணக்கார ஃபென் வரைக்கும் எங்கயும் வரும். இலை அகலமா தட்டையா இருந்து, பஞ்சு தொங்குற சின்னக் காம்பைத் தடவினா சொரசொரன்னு இருந்தா அது லாட்டிஃபோலியம். அது நிக்கிற இடத்துல குனிஞ்சு பாசியை விலக்கினா பழுப்புப் பாசியாத் தான் பெரும்பாலும் இருக்கும், தண்ணி சுண்ணாம்புப் பாறையைத் தொட்டுட்டு வந்திருக்கும்.